2,850 ரூவாக்கு ஒரு தொட்டியாம்! குருவி குளிக்க நானே செஞ்சுட்டேன்

வாங்க மக்களே, வணக்கம். கேமரா லேசா ஆடும், கண்டுக்காதீங்க. ஸ்டாண்டு கால் ஒடஞ்சதப் போன வீடியோவுலயே காமிச்சேன்ல, இன்னும் வாங்கல. இப்பதைக்கு மூணு செங்கல் மேல நிக்குது போனு. தக்காளி என்னாச்சுன்னு யாரும் கேக்காதீங்க. கருகிருச்சு. அக்னி நட்சத்திரத்துல தக்காளி நாத்து நட்டவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான், அத விட்ருங்க.

இன்னைக்கு நான் கடுப்புல இருக்கேன். கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மண்புழு உரம் வாங்க ஒரு நர்சரிக்குப் போனோம். எந்த நர்சரின்னு சொல்லமாட்டேன், வம்பு எதுக்கு. வாசல்லயே பளபளன்னு ஒரு தொட்டி வச்சிருக்காக. தூணு மாதிரி காலு, மேல தாமரை விரிஞ்ச மாதிரி கிண்ணம், ஓரத்துல ரெண்டு பொம்மைக் குருவி. குருவி குளிக்கிற தொட்டியாம். வெல எம்புட்டுங்கிறீங்க? 2,850 ரூவா! கல்லுன்னு நெனச்சுத் தட்டிப் பாத்தா டொக்கு டொக்குங்குது. ஃபைபர். சரி, காசு கெடக்கட்டும். உள்ள வெரல விட்டுப் பாத்தேன். என் நடுவெரல் முழுசா முங்கி உள்ளங்கை நனையுது. நாலு இஞ்சு ஆழம். அடியில கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. இதுல ஒரு சிட்டு எறங்குச்சுன்னா அது குளியல் இல்ல மக்களே, ஜலசமாதி.

அந்தத் தம்பிகிட்ட கேட்டேன், "இதுல எந்தக் குருவிப்பா குளிக்கும்?"னு. "அக்கா, இது அழகுக்குக்கா"ங்கிறான். அழகுக்காம்ல! அந்த ரெண்டு பொம்மைதான் காலம் பூரா நனையணும்.

வர்ற வழி பூரா நான் பொலம்ப, எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த பேசாம வண்டி ஓட்டுறாரு. காளவாசல்கிட்ட வண்டி நின்னப்ப மட்டும் திரும்பி, "நீயே செஞ்சிர வேண்டியதுதான?"ன்னாரு. கிண்டலுக்குத்தான் சொன்னாரு. நான் கிண்டலா எடுத்துக்கல.

இதுல என் தப்பு ஒன்னு இருக்கு, அத மொதல்ல ஒத்துக்கிறேன். காம்பவுண்டு செவுத்துல மூணு வருசமா ஒரு மண்சட்டி வச்சிருக்கேன், பழைய ஆளுகளுக்குத் தெரியும், மீன் கொழம்பு வச்சு விரிசல் விட்ட சட்டி. அதுல குருவி குடிக்குது, மைனா குடிக்குது, அணில் குடிக்குது. ஒன்னு கூடக் குளிச்சதில்ல. இதுகளுக்குக் குளிக்கிற பழக்கமே இல்ல போலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அரிட்டாபட்டிக்குப் போனோம்ல, அந்த வீடியோ பாக்காதவுக பாருங்க. 2022-ல தமிழ்நாட்டோட மொதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊரு. அங்க பாறைச் சரிவுல தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. நடுவுல ஆழம், அங்க ஒரு குருவி கூட இல்ல. ஓரத்துல, பாறை சரியிற எடத்துல, தண்ணி நெகம் முங்குற அளவுதான் இருக்கு, அங்க நின்னு ரெண்டு கொண்டக்குருவி ரெக்கைய அடிச்சு அடிச்சுக் குளிக்குது. அப்பத்தான் மண்டையில ஒறச்சுச்சு. குடிக்கிற தண்ணிக்கு ஓரத்துல ஒக்காந்து தலைய நீட்டுனாப் போதும். குளிக்கணும்னா உள்ள நடந்து எறங்கணும். எறங்குறப்ப கால் தரையத் தொடணும், வழுக்கவும் கூடாது. என் சட்டி ஆறு இஞ்சு, நேர்குத்தாச் செவுரு. அது கெணறாச்சே!

அளவச் சொல்லிடுறேன். ஓரத்துல அர இஞ்சு, நடுவுல கூடிப்போனா ரெண்டு இஞ்சு. அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம். ஸ்கேலெல்லாம் தேடாதீங்க, ஆள்காட்டி வெரல்ல ரெண்டு கணு.

மொதல் தொட்டிக்கு நேரா விளாச்சேரி போனேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கம், கொலுப் பொம்மை செய்யிற ஊரு, உங்களுக்குத் தெரியாததா. மானாமதுரைக்கே போகணும்னுதான் ஆச, கடம் செய்யிற ஊராச்சே, ஆனா இந்த வெயில்ல அம்புட்டு தூரம் என்னால ஆகாது. வெளக்கு தட்டு மாதிரி அகலமா, ஆழமில்லாம ஒரு மண்தட்டு கேட்டேன். அந்தம்மா 120 ரூவான்னாக, குடுத்துட்டேன். பேரம் பேசல. போன தடவ பூந்தொட்டி வீடியோவுல "ஏங்க்கா பேசி வாங்கல"ன்னு எழுதுனவுகளுக்குச் சொல்றேன், மண்ணு பெசயிறவுககிட்ட இருவது ரூவா கொறைக்கிற வேலைய நான் செய்யமாட்டேன். அந்த இருவது ரூவாய நர்சரியில கேளுங்க.

பளபளப்பு பூசாத வெறும் சுட்ட மண்ணா வாங்குங்க. அந்தச் சொரசொரப்புதான் குருவிக்குப் பிடிமானம். மண்ணுல தண்ணி கசிஞ்சு ஆவியாகும், அதனால மத்தியானத்துலயும் குளுகுளுன்னு இருக்கும், நம்ம வீட்டுப் பானைத் தண்ணி கதைதான். எவர்சில்வர் தட்டு, தகரத் தட்டு வச்சிராதீங்க. ரெண்டு மணி வெயிலுக்கு அதுல கை வச்சுப் பாருங்க, தோசைக்கல்லு மாதிரி இருக்கும்.

இப்பத்தான் முக்கியமான கதை. சிமெண்டு எலைத் தொட்டி. பெரிய எலைய வச்சு அச்செடுக்குறது. யானைக்காது மாதிரி இருக்குமே சேம்பு எலை, அது எதுத்த வீட்டுல இருக்கு, கேட்டு வாங்கிட்டேன். சிமெண்டுக்குத்தான் நாய்படாத பாடு! கடையில போயி நாலு கிலோ குடுங்கன்னா சிரிக்கிறாக. மூட்டையாத்தான் தருவாகளாம். 50 கிலோ மூட்டைய வச்சு நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்? மூணு கடை ஏறி எறங்குனேன். நாலாவது கடையில ஒரு அண்ணன், ஒடஞ்ச மூட்டை ஒன்னு கெடக்குன்னு கிலோ 15 ரூவான்னு நாலு கிலோ போட்டுத் தந்தாரு. 60 ரூவா. அந்த அண்ணன் குடும்பம் நல்லா இருக்கணும். எம்சாண்டு, அதான் கல்ல ஒடச்சுச் செய்யிற மணலு, பக்கத்துத் தெருவுல வீடு கட்டுற எடத்துல கேட்டேன், கொத்தனாரு ஒரு பாண்டு அள்ளிக்கிட்டுப் போங்கன்னுட்டாரு, காசே வாங்கல.

செய்யிறது லேசுதான். மணல ஒரு குமியாக் குமிச்சு, மேல எலையக் கவுத்தி வைக்கணும். எலையோட அடிப்பக்கம், நரம்பு பொடச்சு நிக்கிற பக்கம், வானத்தப் பாக்கணும். மொத தடவ நான் மாத்தி வச்சுட்டேன், அதான் அதுல நரம்பே விழல. ஒரு பங்கு சிமெண்டு, மூணு பங்கு மணலு, தண்ணி ரொம்ப ஊத்தாம, கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பெசஞ்சு, எலை மேல அப்பணும். நடுவுல ஒரு இஞ்சு கனம், ஓரம் போகப் போகக் கொஞ்சம் மெலிசு. ஐயோ, இருங்க, ஒன்னச் சொல்லாம விட்டுட்டேன். மணல் குமி மேல மொதல்ல ஒரு பிளாஸ்டிக் கவரு போட்ருங்க, அப்புறம் எலை. இல்லாட்டி சிமெண்டுல இருக்குற தண்ணிய மணலு உறிஞ்சிக்கிரும். கையில உறையும் போடுங்க. நான் வெறுங்கையில பெசஞ்சு வெரல் நுனியெல்லாம் அரிச்சு, ரெண்டு நாளு சோத்துல உப்பு பட்டா எரியுது.

மொதல் எலை ஒடஞ்சு போச்சு. ஒடச்சது நான்தான். மறுநாக் காலையிலயே பொறுமை இல்லாம தூக்கிட்டேன். கையில எடுத்து "அத்தை, இங்க பாருங்க"ன்னு திரும்புறேன், படக்குன்னு நடுவுல ரெண்டா விட்டுருச்சு. கால்ல விழாம தப்பிச்சேன். அத்தை வெத்தல மென்னுக்கிட்டே, "சிமெண்டு காயக்கூடாதுடி, ஊறணும். வீடு கட்டையில பாக்கலையா, கொத்தன் தண்ணி ஊத்திக்கிட்டே கெடப்பானே"ன்னாக. இதச் செய்யிறதுக்கு முன்னாடி சொல்லிருக்கலாம்ல? கேட்டா, "நீ கேக்கலையே"ங்கிறாக.

அவுக சொன்னதுதான் சரி. வெயில்ல காஞ்சா சிமெண்டு இறுகுறதில்ல, தண்ணியோட சேந்துதான் இறுகும். அடுத்த எலைக்கு ரெண்டு நாளு கைய வைக்கல. மேல ஈரச் சாக்குப் போட்டு, காலையில சாயங்காலம் தண்ணி. அப்புறம் எலைய உரிச்சுட்டு ஒரு வாரம் அண்டாவுல முக்கிப் போட்டேன். தெனமும் தண்ணி மாத்தணும், புதுச் சிமெண்டுல சுண்ணாம்பு எறங்கிக்கிட்டே இருக்கும், அந்தச் சுண்ணாம்புத் தண்ணிய குருவி குடிக்கக் கூடாது. பாருங்க, இதான். அந்த நரம்பப் பாருங்க! கிட்ட வர்றேன், போகஸ் ஆகுதா? ஒவ்வொரு கோடும் விழுந்திருக்கு. வழுக்கவே வழுக்காது. கணக்குப் போட்டா சிமெண்டு 60, ரெண்டு எலைக்கும் சேத்து. 2,850 எங்க இருக்கு, 60 எங்க இருக்கு!

வைக்கிற எடம். பழைய ஆட்டுரலக் கவுத்திப் போட்டு அது மேல வச்சிருக்கேன், இடுப்பு ஒசரம். செம்பருத்திக்கு ஏழெட்டு அடி தள்ளி. ஒட்டி வச்சா அந்தக் கருப்பன் பூனை செடிக்குள்ள பதுங்கிக்கிட்டு நனஞ்ச குருவியாப் பாத்து அமுக்கிரும். நனஞ்ச ரெக்கையில வெரசாப் பறக்க முடியாதுல்ல. ரொம்பத் தள்ளியும் வைக்காதீங்க, குளிச்சுட்டு ஒக்காந்து கோதுறதுக்குக் கெளை வேணும். வாலுக்கு மேல சின்னதா எண்ணெய்ச் சுரப்பி இருக்கு, அத அலகால தொட்டு ஒவ்வொரு இறகா நீவும். அதனாலதான் தொட்டியச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, அந்த எண்ணெய்ப்பச போயிரும். தேங்காநாரு போதும்.

கழுவுறதுல சோம்பேறித்தனம் கூடாது. கொசுப்புழு பாக்க வர்ற அக்கா கேட்டுக்குள்ள வந்ததும் நேரா அதத்தான் பாத்தாக. தெனமும் கொட்டுறேன்னு சொன்னேன். "கொட்டுனா மட்டும் போதாதும்மா, தேய்க்கணும்"னாக. டெங்கு கொசு முட்டைய தண்ணியில விடாதாம், தண்ணி மட்டத்துக்கு மேல பக்கத்துல ஒட்டி வைக்குமாம். காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, திரும்பத் தண்ணி பட்டா பொரிஞ்சிரும். அதனால ஓரத்தச் சுத்தி நாரப் போட்டுத் தேயுங்க.

யாரு வந்தான்னு கேளுங்க. மொத மூணு நாளு ஒருத்தரும் வரல, எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம் மெடிக்கல்ல குளுக்கோஸ் ஏத்துற ட்யூபு ஒன்னு வாங்கி, தண்ணி பாட்டில மாட்டி மேல தொங்கவிட்டேன். சொட்டு சொட்டா விழுகுற மாதிரி திருகி வச்சேன். அந்தச் சத்தத்துக்குத்தான் வந்துச்சு. தவிட்டுக்குருவி, ஏழு! நாலு உள்ள, மூணு வெளிய காவலு, பேருந்து நிலையத்துல எடம் பிடிக்கிற சண்ட. தண்ணி பூரா வெளிய, ஆட்டுரல் பூரா நனஞ்சிருச்சு. நான் சன்னல்ல நின்னு போன எடுக்க மறந்து போயிட்டேன், அதான் வீடியோ இல்ல, நம்புங்க. தேன்சிட்டு மட்டும் தொட்டிப் பக்கமே வரல. அது எலையில நிக்கிற தண்ணியில ஒரசிக் குளிக்கிற ஆளு. செம்பருத்திக்குத் தண்ணிக் குழாயப் பிடிச்சா மறுநிமிசம் வந்திரும்.

காக்காயச் சொல்லணும். நேத்து எங்கேயோ போயி காஞ்ச பரோட்டாத் துண்டத் தூக்கிட்டு வந்து நடுத்தண்ணியில ஊறப் போட்டுச்சு. ஊறுனதும் சாப்புட்டுப் போயிருச்சு. மதுரைக் காக்காய்க்குச் சால்னா கெடைக்கல பாவம். தொட்டியில எண்ணெய் மெதக்குது, நான் திரும்பத் தேய்க்கிறேன்.

மூணாவது எலை ஒன்னு, அது மிஞ்சுன சிமெண்டுல போட்டது, அண்டாவுல கெடக்கு. அத்தை அத வெங்காய வடகம் காயவைக்கக் கேக்குறாக, நான் தரமாட்டேன்னுட்டேன், அதுல வீட்டுல பேச்சுவார்த்த இல்ல. ஐயோ, மோட்டாரு ஓடுது, டேங்கு ரொம்பி வழியிற சத்தம் கேக்குதா? வந்துட்டேன் அத்தை!