இறக்கையின் முன் ஓரத்தில் மட்டும் ஏன் பெயிண்ட் இல்லை?

(காட்சி: விமான ஜன்னல் வழியே தெரியும் இறக்கை)

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் சீட் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல ஜெட் விமானங்களில் இறக்கையின் மேல்பக்கம் சாம்பல் நிறப் பெயிண்டில் இருக்கும். காற்றை முதலில் கிழித்துக்கொண்டு போகும் முன் ஓரம் மட்டும், துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி வெறும் உலோகமாகப் பளபளக்கும். பெயிண்ட் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அடித்தாலும் அங்கே அது நிற்காது. பனி படியாமலிருக்க எஞ்சினிலிருந்து சூடான காற்று முன் ஓரத்துக்குள் ஓடுவதும் இன்னொரு காரணம்.

இந்த ஓரத்தை ஆங்கிலத்தில் லீடிங் எட்ஜ் என்பார்கள். நாம் முன்விளிம்பு என்போம். மழை, மணல், பூச்சி, ஆலங்கட்டி, பறவை, எது எதிரே வந்தாலும் முதல் அடி இதற்குத்தான்.

(காட்சி: மழைத்துளி மோதிச் சிதறும் படம், மிக மெதுவாக)

மழைத்துளிதானே என்று தோன்றும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வரும் கடினமான பரப்பில் துளி மோதினால், அது ஒதுங்கி வழிய நேரமே இல்லை. நீரின் அடர்த்தி, நீருக்குள் ஒலி போகும் வேகம், மோதும் வேகம், மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். அந்தக் கணத்தில் எழும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு வருகிறது! ஒரு துளியால் ஒன்றும் ஆகாது. துளிகள் ஓயாமல் விழும்போது ஊசிமுனை அளவுக் குழி விழும், அடுத்தடுத்த துளிகள் அந்தக் குழியின் ஓரத்தைப் பெயர்க்கும்.

சரி, கொஞ்சம் சொரசொரப்பானால்தான் என்ன? உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான உறைபனி படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், பின்னுக்கு இழுக்கும் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம்.

அப்படியானால் கெட்டியான உலோகத் தகட்டைப் போர்த்திவிட்டால் முடிந்ததா? இங்கேதான் வேடிக்கை.

(காட்சி: இரவில் புழுதியைக் கிளப்பி இறங்கும் ஹெலிகாப்டர்)

ஹெலிகாப்டர் விசிறியின் முன்விளிம்பில் டைட்டானியம் அல்லது நிக்கல் பட்டை இருக்கும். மழையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அந்த உலோகங்களைவிடக் கடினம். பாலைவனத்தில் இரவில் இறங்கும்போது விசிறியைச் சுற்றி ஒளிவட்டம் தெரியுமே, பார்க்க அழகுதான். அது அரைபட்டுத் தெறிக்கும் உலோகத் துகள்கள் எரிவது.

மணலுக்கு மெத்தென்ற பொருள்தான் சரி. பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் டேப்பில் மணல் பட்டு எகிறிப் போய்விடும். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் விசிறிகளுக்கு ஒட்டியது இதைத்தான். கார் பெயிண்டைக் காக்க இன்று ஒட்டும் கண்ணாடி மாதிரியான படலம் அதன் வாரிசு. ஆனால் கனமழையில் இந்த டேப் கிழியும். மணலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றைத் தேடித்தான் பொறியாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காற்றாலை இறகுகளிலும் இதே தலைவலி.

டேப் ஒட்டுவதும் சும்மா இல்லை. எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. முதலில் நடுக்கோட்டில் பதித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். ஓரம் லேசாக எழும்பினால் போதும், காற்று உள்ளே புகுந்து உரித்துவிடும். விசிறியின் ஒரு இறகில் மட்டும் கிழிந்தால் எடை சமநிலை கெட்டு ஹெலிகாப்டரே அதிரும். டேப்புக்கு அடியில் துரு இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், சரியாக ஒட்டாத டேப்பைவிட வெறும் உலோகமே மேல்.

ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானங்களின் முன்விளிம்பில் தெரியும் கறுப்பு ரப்பர் பட்டை பனிக்கானது. காற்றடைத்து உப்பவைத்தால் மேலே படிந்த பனி நொறுங்கி விழும். ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் மாதிரி பஞ்சர் ஒட்டுவார்கள்.

பறவைக்கு மட்டும் கணக்கு வேறு. 1.8 கிலோ பறவை மோதினாலும் பெரிய விமானம் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. முன்விளிம்பு நசுங்கலாம், விமானம் விழக் கூடாது.

(காட்சி: பூச்சிகள் ஒட்டிய இறக்கை)

கடைசியாகப் பூச்சி. மழமழப்பான இறக்கையில் செத்து ஒட்டிய பூச்சியே காற்றோட்டத்தைக் கலைத்துவிடும். நாசா 2015இல் போயிங் 757 ஒன்றில் ஐந்து வகைப் பூச்சுகளைச் சோதித்தது. ஒன்றில் பூச்சிக் கறை சுமார் 40 சதவீதம் குறைந்தது. எஞ்சின் இல்லாத கிளைடர்களை ஓட்டுபவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பறந்துகொண்டே, கயிறு கட்டிய ஒரு சிறிய துடைப்பானை முன்விளிம்பு நெடுக அனுப்பி, மறுபடி இழுத்துக்கொள்கிறார்கள்.