காற்புள்ளிக்கு அடுத்த எழுத்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தண்ணி லாரிதான் கதி. எந்த லாரி, எத்தனை ஆயிரம் லிட்டர், எவ்வளவு பணம் என்று கணக்கு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அப்போதுதான் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். லாரி வந்து போனதும் நிரலை ஓட்டி விவரத்தைத் தட்டுவேன். அது ஒரு கோப்பில் போய்ச் சேரும் என்று நம்பியிருந்தேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்க உட்கார்ந்து கோப்பைத் திறந்தால், உள்ளே ஒரே ஒரு வரி. அன்று காலை வந்த லாரி மட்டும்.

பைத்தானில் கோப்பைத் திறக்க 'ஓப்பன்' என்று எழுதுவோம். அடைப்புக்குறிக்குள் முதலில் கோப்பின் பெயர், பிறகு ஒரு காற்புள்ளி, அதற்கடுத்து ஓர் எழுத்து. இந்தக் கோப்பை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. 'ஆர்' என்றால் படிக்க மட்டும். எழுத்தே கொடுக்காவிட்டாலும் படிக்கத்தான் திறக்கும். நான் போட்டிருந்தது 'டபிள்யூ'. எழுதுவதற்கு 'டபிள்யூ' என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அது பாதி உண்மை. உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக எழுது என்பதுதான் அதன் முழுப் பொருள். துடைப்பது எழுதும்போது நடப்பதில்லை, திறக்கும்போதே நடந்துவிடுகிறது. ஒரு சொல்கூட எழுதாமல் மூடினாலும் கோப்பு காலிதான். எச்சரிக்கை வராது, ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.

அன்று எங்களைக் காப்பாற்றியவர் வாட்ச்மேன் பெரியவர். "நம்ம நோட்டு இருக்குதே சார், எடுத்தாரட்டா?" என்றார். நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு லாரியும் நேரத்தோடு இருந்தது. அவர் நோட்டைத் திறக்கும் விதத்தைக் கவனித்தேன். கடைசியாக எழுதிய இடத்துக்கு நேரே போவார், அதற்குக் கீழே எழுதுவார். பைத்தானில் இதற்குப் பெயர் 'ஏ'. இருப்பது இருக்கட்டும், கடைசியில் சேர் என்று பொருள். என் நிரலில் மாற்ற வேண்டியிருந்தது அந்த ஓர் எழுத்துதான்.

இன்னோர் எழுத்தும் உண்டு, 'எக்ஸ்'. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் தொடமாட்டேன் என்று பிழை காட்டி நின்றுவிடும். பைத்தான் 3.3 பதிப்பில் வந்தது. புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கும்போது 'டபிள்யூ'வை விட இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

திறந்ததை மூட வேண்டும். நாம் எழுதுவது உடனே வட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் ஓர் இடத்தில் சேர்ந்துகொண்டே வரும், அது நிறையும்போது அல்லது கோப்பை மூடும்போதுதான் கைமாறும். இடையில் கரண்ட் போனால் எழுதியதாக நாம் நினைத்தது இருக்காது. 'க்ளோஸ்' என்று கடைசியில் எழுதலாம், ஆனால் நடுவில் பிழை வந்தால் நிரல் அந்த வரிக்கே வராது. அதனால் 'வித்' என்று தொடங்கித் திறவுங்கள். 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அதன் கீழே உள்தள்ளி எழுதிய வேலை முடிந்ததும், பிழையால் முடிந்தாலும்கூட, கோப்பு தானே மூடிக்கொள்ளும்.

இனி, நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு சங்கடம். விண்டோஸ் கணினியில் 'லாரி வந்தது' என்று தமிழில் எழுதச் சொன்னால், பல பேருக்கு 'சார்மேப்' என்ற சொல்லோடு ஒரு பிழைச்செய்தி வரும். எந்தக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் எந்த அட்டவணையில், எழுதுவது என்று நாம் சொல்லாவிட்டால், பைத்தான் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். பல விண்டோஸ் கணினிகளில் அது ஒரு பழைய ஐரோப்பிய அட்டவணை, அதில் தமிழுக்கு இடமில்லை. 'டபிள்யூ'வில் திறந்திருந்தால் இரட்டை நஷ்டம்: பழையது திறந்தபோதே போயிற்று, புதியது பிழையில் நின்றது.

1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'தாம்', 'தாப்' என்ற குறியேற்றங்கள் வந்தன. அந்தக் காலத்து டிடிபி கோப்பை இன்று திறந்து, கட்டம் கட்டமாகப் பார்த்தவர்களுக்கு வலி தெரியும். இப்போது உலக மொழிகளுக்குப் பொதுவான அட்டவணையாக யூனிகோடு இருக்கிறது, அதைக் கோப்பில் எழுதும் ஒரு முறைதான் யூடிஎஃப்-8. பைத்தானிடம் 'என்கோடிங் சமம் யூடிஎஃப்-8' என்று சொன்னால் போதும். 'அம்மா' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் எண்ணினால் ஐந்து: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். கோப்பில் அது பிடிக்கும் இடம் 15 பைட், ஒவ்வொன்றுக்கும் மூன்று.

படிப்பதற்கு ஒரு சொல். பெரிய கோப்பை மொத்தமாக 'ரீட்' செய்யாதீர்கள், 'ஃபார்' போட்டு வரிவரியாக எடுங்கள். கோப்பு காணவில்லை என்று பிழை வந்தால், நிரலை எந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

பேனா கையில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். வித், ஓப்பன், அடைப்புக்குறி, மேற்கோளுக்குள் லாரி டாட் டிஎக்ஸ்டி, காற்புள்ளி, மேற்கோளுக்குள் ஏ, காற்புள்ளி, என்கோடிங் சமம் மேற்கோளுக்குள் யூடிஎஃப்-8, அடைப்புக்குறி முடிவு, ஆஸ், எஃப், முக்காற்புள்ளி. அடுத்த வரி, நான்கு இடம் தள்ளி: எஃப் டாட் ரைட், அடைப்புக்குறி, மேற்கோளுக்குள் உங்கள் தெருவின் பெயர் தமிழில், அதை ஒட்டி பேக்ஸ்லாஷ் என், மேற்கோள் முடிவு, அடைப்புக்குறி முடிவு. அந்த பேக்ஸ்லாஷ் என் விட்டுப்போனால் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு முறை ஓட்டுங்கள். பிறகு கோப்பைத் திறந்து எண்ணுங்கள். தெருப்பெயர் இரண்டு வரியில் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், முதல் காற்புள்ளிக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.