இரண்டு யன்னல்களுக்கு நடுவே

வணக்கம் நேயர்களே.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரைப் பார்த்திருப்பீர்கள். கணினிக்கு முன்னால் நம்மில் பலர் செய்வதும் அதே வேலைதான். ஒரு யன்னலில் கொப்பி பண்ணி, அடுத்த யன்னலில் கொண்டுபோய் ஒட்டுகிறோம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் நான் வேலை செய்த காலம். ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு ஒரு கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம். எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில், வேண்டியது தமிழுக்கென்றே குறியீடு உள்ள யூனிகோடில். பந்தி பந்தியாக எடுத்து, எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு, திரும்ப ஒட்டினேன். ஒரு பந்தி விடுபட்டுப் போனது. இறந்தவரின் மகள் எழுதிய பந்தி. புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, “அண்ணா, என்ர எழுத்து எங்க?” என்று கேட்டார். அச்சடித்து முடிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஆவணம் எழுதும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளுக்குள் பைத்தான் என்ற நிரல் மொழி ஓடும் என்று தேடிக் கண்டுபிடித்தேன். பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்கு வெறும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதில் ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு (ா). யூனிகோடில் க முதலில், கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறி. ஆகவே மூன்றையும் சேர்த்துத்தான் முதலில் மாற்ற வேண்டும். அரவை மட்டும் தொட்டால் கொம்பு தனியே நிற்கும். இந்த ஒழுங்கை ஒருமுறை எழுதி வைத்தேன். பிறகு ஆவணத்தின் ஒவ்வொரு பந்தியையும் அதுவே எடுத்து, மாற்றி, அதே இடத்தில் வைத்தது. ஒன்றும் விடுபடவில்லை.

சரி, இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. மென்பொருள் கதவைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அமிகா கணினிக்கு வில்லியம் ஹாவ்ஸ் 1987இல் ஏரெக்ஸ் மொழியைக் கொண்டுவந்தார். அதை ஏற்ற ஒவ்வொரு மென்பொருளும் தனக்கொரு பெயரில் வாசல் திறந்து வைக்கும். எந்த வாசலிலும் அதே மொழியில் கட்டளை சொல்லலாம். 1993இல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் வந்தது, மக்கின்டோஷில் அதே எண்ணம். கதவு திறந்திருக்க வேண்டும், பேசும் மொழி எல்லா வாசலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: மொழி ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருளுக்கொரு மொழி என்றால் மூட்டை மறுபடி நம் முதுகில்தான்.

நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். திறந்த கதவால் கள்ளனும் வருவான் என்பதை விரிவாகச் சொல்ல இருந்தேன். 1999இல் மெலிசா வைரஸ் வேர்ட் கோப்பின் மேக்ரோவாக, அதாவது கோப்புக்குள் இருந்து ஓடும் கட்டளைத் தொகுதியாகத்தான் மின்னஞ்சலில் பரவியது. தெரியாத கோப்பு மேக்ரோவை இயக்கவா என்று கேட்டால், வேண்டாம் என்றே அழுத்துங்கள். வணக்கம்.