பிரஷர் அட்டையில் இன்னொரு கட்டம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இதய மருத்துவர்களே, சிறுநீரக மருத்துவத் துறைப் பெரியவர்களே, இரவெல்லாம் கண்விழிக்கும் செவிலியர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் அம்மையார், உயர் இரத்த அழுத்தத்தால் இதயத்தின் இடது கீழறை தடிப்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு என் நன்றி.

கொழுப்பு, புகை, சிறுநீர் என்று மூன்று விஷயங்கள் பேச வந்தேன். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

முதலில் கொழுப்பு. பிரஷரோடு சர்க்கரையும் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். கெட்ட கொழுப்பின் அளவு நார்மல் என்றே ரிப்போர்ட் சொல்லலாம். ஆனால் அதன் துகள்கள் சிறுத்து அடர்ந்து, குழாய்ச் சுவரில் எளிதாகப் புகுந்துவிடும்.

சரி, இரண்டு நண்பர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே வயது. பிரஷர் பார்க்க ஒன்றாகத்தான் வருவார்கள், யாருக்குக் குறைவு என்று போட்டி வேறு. ஒருநாள் இருவருக்கும் 150/90. ஒருவருக்குச் சர்க்கரை உண்டு, மற்றவருக்கு இல்லை. இல்லாதவர்தான், “மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது டாக்டர்” என்றார். நேரத்தோடு பார்த்துச் சரிசெய்தோம். தைரியம் சொல்லி அவரைக் கைபிடித்து அழைத்து வந்தவரிடம், “உங்களுக்கும் ஒரு இசிஜி எடுப்போமே” என்றேன். “எனக்கு வலியே இல்லையே!” என்று மறுத்தார். “பேசாமல் படுடா” என்று நண்பர் அதட்டினார். எடுத்தோம். என்றோ வந்துபோன மாரடைப்பின் தழும்பு அதில் தெரிந்தது! ஒருநாள் வியர்த்து, களைத்துப் படுத்தாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாள்பட்ட சர்க்கரை நரம்புகளைக் கெடுத்தால் இதயத்தின் வலி உணரப்படாமலே போகலாம். அவருடைய கோப்பைப் புரட்டினேன். சர்க்கரையும் பிரஷரும் பக்கம் பக்கமாக இருந்தன. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்த தாள் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தாளுக்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசுகிறேன். சிறுநீரில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆல்புமின் தொடர்ந்து வந்தால், கசிவு சிறுநீரகத்தோடு நிற்கவில்லை என்று பொருள். உடம்பெங்கும் குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை இல்லாத பிரஷர்காரருக்கும் இது கசியும். வெறும் வயிறு வேண்டாம், ஊசி வேண்டாம். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் தொடக்கக் கசிவு தப்பிவிடும் என்பதால் இந்த ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையே கேட்டு வாங்குங்கள்.

கண்டுபிடித்து என்ன பயன் என்பவர்களுக்கு: 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அழுத்தத்தைச் சராசரியாக 144/82க்கு இறக்கியபோது, 154/87இல் இருந்தவர்களைவிடப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. வெள்ளம் வருமுன் அணை போட முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புகையைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மன்னிக்கவும். பிரஷர் அட்டையில் ஆல்புமினுக்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை நிரப்புங்கள் என்ற கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. மருத்துவர்கள் முதலில் கையெழுத்திட வேண்டுகிறேன்.