சுகோத்காவின் ஓர் இருக்கை: உரிமையே, சலுகை அன்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் சுகோத்கா தன்னாட்சி வட்டாரத்துக்கு, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையான துமாவில் தனித் தொகுதி இருப்பது உரிமையா, சலுகையா என்பது இன்றைய வழக்கு. உரிமையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு கேள்விகளை எழுப்பினார். ரஷ்யாவில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்காளர்கள் இருக்கும்போது, 2021 கணக்கெடுப்பின்படி கைக்குழந்தைகளையும் சேர்த்தே சுமார் 47,500 பேர் வாழும் சுகோத்காவுக்கும் ஓர் உறுப்பினர் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். இவ்வளவு சிறிய தொகுதியைப் பணம் படைத்த எவரும் வளைத்துவிடலாமே, 1999-இல் எண்ணெய் அதிபர் ரோமன் அப்ரமோவிச் வென்றது அப்படித்தானே என்றும் கேட்டார். இரண்டும் கனமான கேள்விகள். இரண்டுக்கும் விடை சொல்லாமல் நான் அமரப்போவதில்லை.

முதலில் இந்த இருக்கை எப்படி வந்தது என்று பார்ப்போம். சோவியத் காலத்தில் சுகோத்கா, மகதான் மாகாணத்துக்கு உட்பட்ட பகுதியாக இருந்தது. 1992-இல் அது மகதானை விட்டுப் பிரிந்து நேரடியாக ரஷ்யக் கூட்டாட்சியின் உறுப்பாயிற்று. அந்தப் பிரிவு செல்லுமா என்ற வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று, 1993 மே மாதம் சுகோத்காவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று புதிய அரசியல் சாசனத்துக்கான பொதுவாக்கெடுப்பும் முதல் துமா தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. கூட்டாட்சியின் உறுப்புகள் அனைத்தும் சமம் என்கிறது அந்தச் சாசனத்தின் 5-ஆம் பிரிவு. ஒவ்வோர் உறுப்புக்கும் குறைந்தது ஒரு தொகுதியாவது உண்டு என்கிறது தேர்தல் சட்டம். நீதிமன்றப் படியேறி நிலைநாட்டிய ஒன்றையா, நடுவர் அவர்களே, சலுகை என்பது?

அடுத்து, எதிரணியின் கணக்கு. தலைகளை எண்ணிய நண்பர் தொலைவை எண்ணவில்லை. சுகோத்காவின் பரப்பு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்; பிரான்ஸை விடப் பெரியது. 180-ஆம் தீர்க்கக்கோடு அதன் ஊடாகச் செல்வதால், ஒரே தொகுதியின் வாக்காளர்களில் ஒரு பகுதியினர் கிழக்கு அரைக்கோளத்திலும் மறுபகுதியினர் மேற்கு அரைக்கோளத்திலும் வாழ்கிறார்கள். தலைநகர் அனாதிருக்கு விமானத்தில் போகிறவர் நேரே ஊருக்குள் இறங்க முடியாது. விமான நிலையம் கழிமுகத்தின் அக்கரையில் இருக்கிறது. கோடையில் படகிலும், நடுக் குளிர்காலத்தில் உறைந்த நீரின் மேல் வண்டியிலும், பனிக்கட்டி படகுக்கும் இடம் தராமல் வண்டியையும் தாங்காமல் இருக்கும் இடைப்பட்ட வாரங்களில் ஹெலிகாப்டரிலும் கடக்க வேண்டும். வட்டாரத் தலைநகரின் வாசலிலேயே இந்த நிலை என்றால், பெவெக், பிலிபினோ, உயெலென் போன்ற ஊர்களில் இருப்பவர் தம் குறையைச் சொல்ல வேறொரு வட்டாரத்தின் உறுப்பினரை எங்கே போய்த் தேடுவார்?

சமத்துவம் கேட்கும் உறுப்புகளுக்கு மேலவை இருக்கிறதே, அங்கே சுகோத்காவுக்கும் மாஸ்கோவுக்கும் தலா இரண்டு பேர்தானே என்று எதிரணி சொல்லக்கூடும். மேலவையான கூட்டாட்சி அவையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1993-இல் ஒரே ஒரு முறைதான். பிறகு ஆளுநர்களும் சட்டமன்றத் தலைவர்களும் பதவி வழியாக அங்கே அமர்ந்தார்கள்; 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வட்டார ஆட்சியும் வட்டார சட்டமன்றமும் அனுப்பும் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். ஆகவே, ஒரு மான் மேய்ப்பர் தம் வட்டாரத்துக்கென்று ஒரு பெயரைத் தாமே குறியிட்டு மாஸ்கோ நாடாளுமன்றத்துக்கு அனுப்ப இருக்கும் வழி துமாவின் இந்த ஒற்றைத் தொகுதி மட்டுமே. என் வாதத்தின் உயிர்நாடி இதுதான்.

இனி அப்ரமோவிச்சுக்கு வருகிறேன். அவர் சுகோத்காவில் பிறந்தவரும் அல்லர், அங்கு வளர்ந்தவரும் அல்லர். 1999 டிசம்பரில் துமா உறுப்பினரானவர், மறு டிசம்பரிலேயே தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளோடு ஆளுநராகி, இருக்கையைக் காலி செய்தார். மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்காளர்களைப் பணத்துக்கு மயங்கியவர்கள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவதைக் கேட்டு என் மனம் வலிக்கிறது. 1989-இல் ஒரு லட்சத்து 64 ஆயிரம் பேர் வாழ்ந்த வட்டாரம் 2002-இல் 54 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. சோவியத் ஆட்சி தந்த வடபுலப் படிகளும் சரக்குக் கப்பல்களும் சுருங்க, தகரமும் டங்ஸ்டனும் வெட்டிய இயுல்தின் போன்ற சுரங்க ஊர்கள் ஆளே இல்லாமல் வெறிச்சோடிப் போயின. மூன்றில் இரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்ட ஊரில் மிஞ்சி நின்றவர்கள், எரிபொருளும் உணவும் கொண்டுவரக்கூடியவர் யார் என்று பார்த்து வாக்களித்தால், அது விலைபோனது ஆகுமா?

அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதையும் நண்பர் சொல்லியிருக்க வேண்டும். 1993-இலும் 1995-இலும் வென்ற தத்யானா நெஸ்தெரென்கோ, சுகோத்காவின் நிதி நிர்வாகத்தில் வேலை பார்த்து அதன் வரவு செலவை அறிந்தவர். பிற்காலத்தில் ரஷ்ய நிதித் துறையின் முதல் துணை அமைச்சராக உயர்ந்தவர். அப்ரமோவிச் விட்டுச் சென்ற இடத்துக்கு 2001-இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவரோ விளாதிமீர் எத்திலின், அந்த மண்ணின் பூர்வகுடியான சுக்சி இனத்தவர். நாடு முழுவதும் சேர்த்தே சுமார் பதினாறாயிரம் பேர் கொண்ட ஓர் இனத்தின் மகன், பதினான்கு கோடிப் பேர் கொண்ட நாட்டின் அவையில் தொகுதி உறுப்பினராக அமர்ந்தார். ஐந்து லட்சம் வாக்காளர் கொண்ட தொகுதியில் சுகோத்காவைக் கரைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும்.

2003-இல் இரினா பன்சென்கோ வென்றார். அதன் பிறகு தொகுதியே மறைந்தது. 2007, 2011 தேர்தல்களில் தனித் தொகுதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, 450 இடங்களையும் கட்சிப் பட்டியல்களுக்கே கொடுத்தார்கள். தம் உறுப்பினர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாமல் சுகோத்கா மக்கள் ஒன்பது ஆண்டுகள் இருந்தார்கள். 2016-இல் தொகுதி திரும்பி வந்தபோது வலெந்தீனா ருத்சென்கோவும், 2021-இல் யெலேனா யெவ்தியுகோவாவும் வென்றனர். இருவருமே ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியினர். பரந்த வெற்று நிலம் என்றாலே ஆளுங்கட்சியின் கைப்பிடிதான் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஒரே தொகுதியான யாகூத்தியா, 2016-இல் நியாய ரஷ்யா கட்சியின் ஃபெதோத் துமூசவையும், 2021-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பியோத்தர் அம்மோசவையும் அனுப்பியது.

தனி இருக்கை வேண்டாம் என்பவர்கள் கேட்கும் நிலைமை ஏற்கெனவே ஓரிடத்தில் நடைமுறையில் இருக்கிறது. சுகோத்காவை விடவும் பெரிய பரப்பும், 2002-இல் பதினெட்டாயிரத்துக்கும் குறைவான மக்களும் கொண்ட எவென்கியா வட்டாரத்துக்கு 1993 முதல் தனித் தொகுதி இருந்தது. 2005-இல் நடந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து, 2007 ஜனவரி முதல் நாள் அது கிராஸ்னயார்ஸ்க் பிரதேசத்தோடு இணைந்தது. தொகுதிகள் மீண்டும் வந்தபோது எவென்கியாவுக்குத் தனித் தொகுதி வரவில்லை. அங்குள்ள மேய்ப்பர்களும் மீனவர்களும் இன்று லட்சக்கணக்கான தெற்கத்திய வாக்காளர்களோடு சேர்த்து எண்ணப்படுகிறார்கள். தங்கள் வாக்குகளை மட்டும் நம்பி அவர்களால் ஒருவரையும் மாஸ்கோவுக்கு அனுப்ப முடியாது.

சுகோத்காவில் இன்றும் வாக்குப்பதிவு நாளுக்குப் பல நாள் முன்பே, தேர்தல் பணியாளர்கள் கையடக்க வாக்குப்பெட்டியோடு ஹெலிகாப்டரில் ஏறி, துந்திராவில் மந்தையோடு நகர்ந்துகொண்டிருக்கும் மேய்ப்பர்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே காலை எட்டு மணிக்கு வாக்குச்சாவடி திறக்கும்போது மாஸ்கோவில் முந்தைய நாள் இரவு பதினொரு மணிதான் ஆகியிருக்கும். நடுவர் அவர்களே, அந்தப் பெட்டியில் விழும் சீட்டில் சுகோத்காவுக்கென்று ஒரு பெயர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை.