மிதவையை ஒட்டி வெளியே வருவது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிம்பிக் பாய்ப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன், சென்னைக்காரர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஓட்டிய லேசர் ரேடியல் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர்தான். ஓட்டுவதற்கு ஒரே ஆள், இருப்பதும் ஒரே பாய். இந்த மாதிரிச் சின்னப் படகைத்தான் டிங்கி என்கிறோம். இதைப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். இன்றைக்கு அதில் ஒரே ஒரு விஷயம்: மிதவையைச் சுற்றித் திரும்புவது.

போட்டியில் படகுகள் சுற்றி வர, காற்று வரும் திசையில் ஒரு மிதவை, காற்று போகும் திசையில் ஒரு மிதவை. மேல் மார்க், கீழ் மார்க் என்போம். பெரும்பாலும் மிதவை நம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும். நேர் ஓட்டத்தில் பத்து நிமிடம் போராடிப் பிடித்த இடத்தை, திரும்பும் பத்து விநாடியில் பறிகொடுத்துவிடலாம். எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேல் மார்க் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்போர்ட் பக்கம், அதாவது வலப்பக்கம், காற்று வாங்கி வரும் படகுக்குத்தான் அங்கே உரிமை. கூட்டமாக இருந்தால் அந்த வரிசையில் முன்கூட்டியே சேர்ந்துவிடுங்கள். கடைசி நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து நுழைகிறவருக்கு வழி கிடைப்பது அபூர்வம்.

பறிகொடுப்பது அதிகம் கீழ் மார்க்கில்தான். காற்றோடு ஓடி வரும்போது மிதவை கண்ணில் பட்டதும் பிள்ளைகள் நேராக அதன் மேலேயே வருவார்கள். கிட்டே வந்துதான் திரும்பத் தொடங்குவார்கள். படகு நின்ற இடத்திலேயே திரும்பாதே! ஒரு வளைவு போட்டுத்தான் திரும்பும். அந்த வளைவு முடியும்போது படகு மிதவையை விட்டு நாலைந்து மீட்டர் விலகிப் போயிருக்கும். பின்னால் வருபவர் அந்த இடைவெளியில் நுழைந்து, காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் நீங்கள் நினைத்த நேரத்தில் திசை மாற்றக்கூட முடியாது.

அதனால் வரும்போது ஒரு படகு அகலமாவது தள்ளி வாருங்கள். மிதவைக்கு வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள். காற்றை எதிர்த்து ஏறத் தொடங்கும் நொடியில் மிதவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கோடையில் சென்னைக் கடலில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசி, நீரோட்டமும் வடக்கே இழுத்தால், படகைக் கீழ் மார்க்கைத் தாண்டியே தள்ளிவிடும். அன்றைக்கு இன்னும் முன்னதாகவே திரும்ப வேண்டும்.

சுக்கானை வெடுக்கென்று திருப்பாதீர்கள். அப்படித் திருப்பினால் அது தண்ணீரில் பிரேக் போடுகிறது. படகை லேசாக வெளிப்பக்கம் சாயவிட்டால் அதுவே காற்றுப் பக்கம் திரும்பும். கூடவே பாய்க்கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும்.

விதியையும் சொல்லிவிடுகிறேன். மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளம் ஒரு வட்டம் இருப்பதாகக் கணக்கு. அந்த எல்லையை முதல் படகு தொடும்போது பின்படகின் முன்முனை முன்படகின் பின்முனையைத் தாண்டி வந்திருந்தால், உள்பக்கத்துப் படகுக்குத் திரும்ப இடம் விட வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு முழுச் சுற்று தண்டனை.

போன கோடையில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு தடவையும் அகன்றே வெளியே வந்தாள். பக்கத்தில் படகை ஓட்டிப் பார்த்தேன். பிழை கையில் இருந்தது. காற்றோடு ஓடும்போது வெளியே விட்ட கயிறு பல மீட்டர். திரும்பி முடித்த பிறகுதான் அதை இழுக்க ஆரம்பித்தாள். அதுவரை பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. "கயிறு முதலில், சுக்கான் அப்புறம்மா" என்றேன். ஒரு கையால் இழுத்து, சுக்கான் பிடித்த கையின் கட்டைவிரலில் கயிற்றை நிறுத்தி, மறுபடி நீட்டி இழுக்கச் சொன்னேன். கரையில் படகை வண்டியிலேயே வைத்து, உள்ளங்கை சிவக்கும் வரை பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் மூன்றாவது சுற்று. கொஞ்சம் தள்ளியே வந்தாள். நீள நீளமாக மூன்று இழுப்பு. பாய் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஆரஞ்சு மிதவை அவள் தோளுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி நழுவிப் போனது. பின்னால் வந்த படகுக்கு அந்தப் பக்கம் இடமே இல்லை.