தலைக்கு மேலே யாருடைய விமானம்?

[காட்சி: கொழும்பு குதிரைப் பந்தயத் திடலின் இன்றைய தோற்றம்]

கறுவாத்தோட்டத்திலுள்ள பழைய குதிரைப் பந்தயத் திடல் இன்று ரக்பி ஆட்டங்களுக்கும் கடைத்தொகுதிக்கும் பெயர்பெற்ற இடம். 1942இல் அது போர் விமானங்களின் ஓடுபாதையாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட 120க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையில் நின்ற பிரித்தானிய விமானப் படையின் 30ஆம் அணி தாக்குதல் தொடங்கும் வேளையில்தான் அவசரமாக மேலெழ நேர்ந்தது. பந்தயத் திடலில் ஓர் ஓடுபாதை இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்காததால், 258ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்து தடையின்றிப் புறப்பட்டன. ஆயினும் அன்று பிரித்தானியத் தரப்பு 20க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜப்பானியர் இழந்தவை 7 மட்டுமே.

[காட்சி: ஹரிக்கேன், ஸீரோ ஆகியவற்றின் பக்கத்தோற்ற வரைபடங்கள்]

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தின் பெரும்பகுதி வரைபடத்திலேயே தெரிகிறது. ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த ஜப்பானியரின் ஸீரோ, எடையைக் குறைப்பதற்காக விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கவசத் தகட்டையும், துளைபட்டால் தானாகவே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கியையும் துறந்த விமானம். அந்த இலேசான உடலால் அது மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியதாக இருந்தது. ஐரோப்பிய வானில் கற்ற பழக்கத்தில் அதனோடு வட்டமிட்டுச் சண்டையிட முனைந்த ஹரிக்கேன் விமானிகள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். ஆனால் அதே இலேசான உடலில் சில குண்டுகள் பட்டாலே ஸீரோ தீப்பற்றியது. சிட்னி காம் வடிவமைத்த ஹரிக்கேனோ, உடலின் பின்பகுதி குழாய்ச் சட்டத்தின் மேல் மரமும் துணியும் போர்த்தப்பட்ட பழைய பாணி விமானம். சேதமடைந்தால் விரைவில் செப்பனிடலாம். அகன்று நின்ற அதன் சக்கரங்கள் புற்றரை ஓடுபாதைகளுக்கு ஏற்றவை. அதே காலத்தின் இன்னொரு பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிற்ஃபயர் என்றதும் முகம் மலர்கிறவர்கள் ஹரிக்கேனை இரண்டாம் வரிசையில் வைப்பது வழக்கம். கொழும்பின் வானில் அன்று முன்வரிசையில் நின்றது ஹரிக்கேன்தான் என்பதால், இந்த நகரத்தவராவது அந்த வழக்கத்தைக் கைவிடலாம்.

சிறுவயதில் இந்த விமானங்கள் மனதைப் பிடித்துக்கொள்வதற்கு முதற்காரணம் இதுவே என்று கருதுகிறேன்: அவற்றின் வடிவத்தை ஒரு குழந்தையால் வாசிக்க முடிகிறது. ஸ்பிற்ஃபயரின் நீள்வட்டச் சிறகு அழகுக்காக வரையப்பட்டதன்று. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், எட்டுத் துப்பாக்கிகளுக்கும் மடங்கும் சக்கரங்களுக்கும் உள்ளே இடமும் வேண்டும் என்ற இரு தேவைகளுக்கு அதை வடிவமைத்த மிட்செலின் குழு கண்ட விடை அது. இன்றைய ஜெட் விமானத்தின் திறமை பெரும்பாலும் கணினிக்குள் இருப்பதால் வெளியே நின்று பார்ப்பவருக்கு அது பிடிபடுவதில்லை.

[காட்சி: ஒரு தட்டு நீரில் மிதக்கும் ஒட்டுப்படம், சிறு தூரிகை, சாம்பல் நிறச் சிறகு]

மாதிரி விமானம் கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பெட்டியில் 72இல் ஒரு பங்கு அளவில் துண்டுகள் இருக்கும். வட்டச் சின்னத்தைத் தேநீர்த் தட்டின் நீரில் ஊறவிட்டு, தாளிலிருந்து அது வழுகத் தொடங்கும் தருணம் பார்த்துச் சிறகின் மேல் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் சுருண்டுவிடும், தாமதித்தால் கிழியும். அந்தச் சின்னத்தின் நடுவே சிவப்புப் புள்ளி இருக்கும். ஜப்பானிய விமானங்களின் செஞ்சூரியனோடு குழப்பிக்கொண்டு தம் விமானத்தையே சுட்டுவிடக் கூடாதென்று, ஆசியப் போர்க்களத்தில் பறந்த பிரித்தானிய விமானங்களில் அந்தச் சிவப்பு பின்னர் நீக்கப்பட்டது. பெட்டியில் வரும் படங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் வானுக்குரியவை.

[காட்சி: இருண்ட திரை, தொலைவில் இயந்திர ஒலி]

இவ்விடத்தில், தமிழில் பேசும் ஒரு வீடியோ தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று வாழும் பலருடைய சிறுவயது வடக்கிலும் கிழக்கிலும் கழிந்தது. ஒலியைக் கேட்டே இது ‘ஹெலி’யா ‘பொம்பரா’ என்று சொல்லிவிட்டு, பதுங்கு குழிக்குள் இறங்கியவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியச் சிறுவர்களும் நிழலுருவ அட்டைகளைப் பார்த்து விமானங்களை இனங்காணப் பழகினார்கள். அவர்களின் வீடுகள் மீதும் குண்டு விழுந்தது. இருந்தும் அவர்களிற் பலர் வளர்ந்தபின் ஸ்பிற்ஃபயர் மாதிரிகளைக் கட்டி மகிழ்ந்தார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் தம்மீது குண்டு வீசிய விமானத்தை மாதிரியாகக் கட்டி அலுமாரியில் வைப்பார்கள்?

ஆகவே, போரைக் கண்டவர் வெறுப்பார், காணாதவர் இரசிப்பார் என்ற எளிய விளக்கம் போதாது. அந்தச் சிறுவர்களின் வானில் குண்டு போட வந்த விமானத்தை மறிக்க இன்னொரு விமானம் எழுந்தது. அதை ஓட்டியவர் தனியொருவர், கண்ணாடி மூடிக்குள் அவருடைய தலைகூடத் தெரிந்தது. பதுங்கு குழியிலிருந்து அண்ணாந்து பார்த்த நம் பிள்ளைகளுக்கு வந்தது முதலாவது விமானம் மட்டுமே. உலகெங்கும் குண்டுவீச்சு விமானங்களைவிடப் போர் விமானங்களுக்கே இரசிகர்கள் அதிகம் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். மறிக்க வருவதற்கென்றே பிறந்தவை என்ற எண்ணம் அவற்றின் மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது முழு உண்மையன்று. ஏப்ரல் 5இல் கொழும்பின் மேல் வந்த ஸீரோக்களும் போர் விமானங்களே, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை.

[காட்சி: இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம்]

இந்த இயந்திரங்களின் குடும்பத்தில் ஒன்றைக் கொழும்பிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் இரத்மலானைக்குச் செல்லலாம். 1951இல் தொடங்கப்பட்ட இலங்கை விமானப் படை தன் ஆரம்ப காலத்தில் பயிற்சிக்குப் பயன்படுத்திய போல்டன் போல் பாலியோல் விமானம் ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் உண்டு. அதன் நீண்ட மூக்குக்குள் இருப்பது 12 சிலிண்டர்களும் 27 லீற்றர் கொள்ளளவும் கொண்ட றோல்ஸ் றொய்ஸ் மேர்லின் இயந்திரம். பந்தயத் திடலிலிருந்து எழுந்த ஹரிக்கேன்களை இழுத்துச் சென்றதும் அதே இயந்திர வகைதான்.